அரேஞ்சருக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் பற்றி வந்த கட்டுரையை பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடியே படித்து முடித்தேன். அவர் பெயரைத் தமிழ்ப் பேப்பரில் பார்த்ததே சந்தோஷம். ஆனால் ஒரு மனத்தாங்கல். விரல் வேகத்தைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியவர், 'அரேஞ்சராகவும் இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அரேஞ்சர் என்றால், ஒரு பாட்டில் எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதிக் கொடுப்பவர்.

நான் இருபது வருஷமாக ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். காரிமங்கலம், பென்னாகரம், காவேரிப்பட்டணம் என்று திருவிழா மேடைகள்தான். சினிமாப் பாட்டில் முப்பது வயலின் கேட்கும், எங்களிடம் இருப்பது ஒன்று, புல்லாங்குழல்காரர் அன்றைக்குப் பார்த்து வேறு கச்சேரிக்குப் போயிருப்பார், கடைசி நேரத்தில் பாடகி வந்து "சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கலாமாண்ணா" என்பார். சரி என்று குழல் பிட்டை சாக்ஸபோனுக்கு மாற்றி, வயலின் கூட்டத்தை என் இடது கையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் வேனிலேயே நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுப்பேன். நோட்டீஸில் சவுண்டு சர்வீஸ் பெயர் வரைக்கும் இருக்கும், இந்த வேலைக்கு ஆள் பெயர் இருக்காது.

மேரி லூ செய்ததும் இதே வேலைதான், பல மடங்கு உயரத்தில். ஆண்டி கெர்க் என்பவர் நடத்திய ஜாஸ் பேண்டுக்கு வந்த புதிதில் மேரி லூவுக்கு நொட்டேஷன், அதாவது இசைக் குறிப்பு, எழுத வராது. மனதில் இருப்பதை வாசித்துக் காட்டுவார், கெர்க் எழுதிக்கொள்வார். அப்புறம் தானே கற்றுக்கொண்டு அந்த பேண்டின் முக்கிய அரேஞ்சர் ஆனார். 1936இல் வந்த 'வாக்கிங் அண்ட் ஸ்விங்கிங்' கேளுங்கள். சாக்ஸபோன் வரிசையோடு ஒரு டிரம்பெட்டையும் கலந்து விட்டிருப்பார், இன்னொரு சாக்ஸ் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கைவசம் இல்லாத வாத்தியத்தை இருப்பதை வைத்தே கேட்க வைப்பது! அதில் வரும் ஒரு துண்டைத்தான் பின்னாளில் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் 'ரிதம்-ஏ-நிங்' என்ற இசையில் உலகம் கேட்டது, அங்கே மேரி லூ பெயர் இல்லை. பெரிய ஜாஸ் பேண்டுகளை நடத்திய பென்னி குட்மனுக்கும் டியூக் எலிங்டனுக்கும்கூட எழுதிக் கொடுத்தவர் மேரி லூ.

சொல்லிக்கொடுத்ததையும் கட்டுரை தொடவே இல்லை. 1940களில் நியூயார்க் ஹார்லெமில் அவர் குடியிருந்த வீட்டுக்கு, கிளப் மூடிய பிறகு மங்க், இன்னொரு பியானோ கலைஞர் பட் பவல் எல்லாம் வந்து உட்கார்ந்து வாசிப்பார்களாம். எங்கள் ஊரில் கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1977இலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார், 1981இல் இறக்கும் வரை.

அடுத்து யாரைப் பற்றிப் போட்டாலும், அந்தப் பாட்டை அரேஞ்ச் செய்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு திருத்தம்: அவர் பிறந்தது அட்லாண்டா, 1910. பிட்ஸ்பர்க் வளர்ந்த ஊர். கட்டுரையில் மாறி வந்திருக்கிறது.

– கீபோர்டு வாசிக்கும் ஒரு வாசகன், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்