க்ளெய்ம் குறைந்தால் வேலை பெருகிவிட்டது என்று அர்த்தமா? தமிழ் வணிகச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தியாளர் நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொழிலாளர் துறை வியாழன்தோறும் இந்திய நேரம் மாலை 6 மணிக்கு (குளிர்காலத்தில் 7) வேலையிழப்புக் காப்பீட்டு விண்ணப்ப எண்ணிக்கையை, அதாவது வேலை போனவர்கள் உதவிப்பணம் கேட்டுப் போடும் 'க்ளெய்ம்' எண்ணிக்கையை, வெளியிடுகிறது. நீங்களும் உடனே செய்தி போட்டுவிடுகிறீர்கள். அந்த வேகம் தேவைதான். ஆனால் மாநில எண்ணிக்கையை மட்டும் எடுத்து, 'இங்கே க்ளெய்ம் குறைவு, அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை' என்று எழுதும்போது வாசகருக்குத் தப்பான கணக்கு போய்ச் சேருகிறது. நியூஜெர்சியில் வாழும் உங்கள் வாசகன் நான். அதனால்தான் இந்த மடல்.

முதலில், இந்த எண்ணிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. வேலையின்மை விகிதம் மாதம் ஒருமுறை, சுமார் 60,000 வீடுகளில் கேட்டு எடுக்கும் கணிப்பு. க்ளெய்ம் வாராவாரம் வருகிறது, ஆட்குறைப்பை அதைவிட முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். 2020 மார்ச்சில் ஒரே வாரத்தில் சுமார் 2.8 லட்சத்திலிருந்து 33 லட்சமாக எகிறியது. அதற்கு முந்தைய உச்சம் 1982 அக்டோபரில் 6.95 லட்சம்தான். நாடு முழுவதும் கதவடைத்தது முதலில் தெரிந்தது இந்த எண்ணிக்கையில்.

சிக்கல் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடும்போது வருகிறது. இந்தக் காப்பீட்டை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி நடத்துகிறது. ஃபுளோரிடாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர். 1998-லிருந்து அந்தத் தொகை ஏறவே இல்லை. மசாசூசெட்ஸில் உச்சவரம்பு ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. 2011-ல் ஃபுளோரிடா கொண்டுவந்த சட்டப்படி, மாநிலத்தில் வேலையின்மை 5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் 12 வாரம்தான் பணம். பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம். இனி தொடர் விண்ணப்பங்களின், அதாவது முதல் விண்ணப்பத்துக்குப் பிறகும் வாராவாரம் பணம் கேட்பவர்களின், எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் 12 வாரம் முடிந்ததும் ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். அவருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்றில்லை. வாடகைக்கு அல்லாடிக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை குறைந்துதான் தெரியும். நீங்கள் அதை 'முன்னேற்றம்' என்று எழுதிவிடுகிறீர்கள். அலைந்து திரிந்து வாங்கப்போவது 275 டாலர்தானே என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுபவர்களோ ஆரம்பத்திலிருந்தே கணக்கில் இல்லை.

நம் ஆட்கள் விஷயம் இன்னும் மோசம். நியூஜெர்சியில் இந்தக் காப்பீட்டுக்கு நிறுவனம் மட்டுமல்லாமல் ஊழியரும் பணம் கட்டுகிறார். சம்பளச் சீட்டில் வரி, சோஷியல் செக்யூரிட்டி எல்லாவற்றுக்கும் கீழே யு.ஐ. (வேலையிழப்புக் காப்பீடு) என்று ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் எடிசன் நகரத் தமிழரின் சம்பளத்திலும் அது போகிறது. வேலை போனால்? பணம் பெற, பொருத்தமான வேறு வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. எச்-1பி விசாவோ ஒரு நிறுவனத்தோடு கட்டிப்போட்டது, அதனால் அவருக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. வேலை போனபின் அமெரிக்காவில் தங்க அவர் கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு நிறுவனம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஊருக்கு டிக்கெட் போட வேண்டும். ஐ.டி. ஆட்குறைப்பு நடக்கும் மாதங்களில் இப்படிப்பட்ட பலர் எந்த வியாழக்கிழமை எண்ணிக்கையிலும் வருவதில்லை. அவர்களுடைய அப்பா அம்மா உங்கள் செய்தியைப் படித்துவிட்டு, "அங்கே எல்லாம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கானே, உனக்கு மட்டும் என்னப்பா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளையால் பதில் சொல்ல முடிவதில்லை.

எண்ணிக்கை ஏறினாலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2024 அக்டோபர் தொடக்கத்தில் ஹெலீன் புயலுக்குப் பின் நாட்டின் மொத்த விண்ணப்பம் 2.5 லட்சத்தைத் தாண்டியது, வட கரோலினாவில் துள்ளி ஏறியது. ஜூலையில் கார் ஆலைகள் இயந்திரம் மாற்ற மூடும்போது மிச்சிகனிலும் ஏறும். இவை தற்காலிக ஏற்றங்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாராந்திர அறிக்கையில் வரும் மாநில எண்கள் பருவத்துக்கேற்பத் திருத்தப்படாதவை, அதாவது ஆண்டுதோறும் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்காதவை. போன வாரத்தோடு ஒப்பிடாமல், அதே மாநிலத்தின் போன ஆண்டு இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். வேலையில்லாதவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் காப்பீட்டுப் பணம் போகிறது என்பதையும் அதே துறை மாநிலவாரியாகத் தருகிறது. க்ளெய்ம் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அப்புறம், ஐ.டி. ஆட்குறைப்பு பற்றிய செய்தி என்றால், விசாவில் இருப்பவர்களில் பலர் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகன்