அந்த மேக்னம் எங்கே இருக்கிறது?

எபெர்னே, ஜூன் 8

அன்புள்ள மலர்,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குளிர்காலத்தில் இருந்த அளவு இல்லை. தம்பி போன ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நீ வீடு மாறிய விஷயம் அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். விலாசமும் அவனிடம்தான் வாங்கினேன். நாலாவது மாடி, கூரைக்கு நேர் கீழே, லிஃப்ட் கிடையாது என்றான். சரி.

அந்த மேக்னத்தை, கல்யாணத்துக்கு நான் கொடுத்த ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் பாட்டிலைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். அதை எங்கே வைத்திருக்கிறாய்? துலூஸில் ஜூலை வந்தால் என்ன வெயில் அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரைக்குக் கீழே இருக்கும் அறை பகலில் சூடேறினால் நடுராத்திரி வரை ஆறாது. ஃப்ரிட்ஜுக்கு மேல் மட்டும் வைத்துவிடாதே. அங்கே சூடும் உண்டு, மோட்டாரின் அதிர்வும் உண்டு. ஜன்னல் பக்கமும் வேண்டாம். அலமாரியில் அடித்தட்டில், துணிகளுக்குள் சுற்றி வை. படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா என்று இங்கே நாங்களே ஆளுக்கொன்று சொல்லுவோம், அது போகட்டும். இருட்டும் குளிர்ச்சியும்தான் முக்கியம்.

பழைய வீட்டில் அதை ஹால் ஷோகேஸில், விளக்குக்குக் கீழே வைத்திருந்தீர்கள். நான் வந்தபோதே பார்த்தேன். மாப்பிள்ளை ஆசையாக வைத்திருந்தார், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஷோகேஸ் இப்போது உன்னிடம் இருக்கிறதா, அங்கேயே இருக்கிறதா? தம்பிக்கு அது தெரியவில்லை.

வெளிச்சம் என்ன செய்யும் என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காட்டியிருக்கிறேன். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலாக இருந்தால் கொஞ்ச நேர வெயிலே போதும், திறந்ததும் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வரும். அதனால்தான் வெள்ளை பாட்டிலில் அடைக்கும் க்ரிஸ்தால் ஷாம்பெயினுக்கு மஞ்சள் தாள் சுற்றி அனுப்புகிறார்கள். நம்முடையது கரும்பச்சைக் கண்ணாடி, கொஞ்சம் தாங்கும். விளக்குக்குக் கீழே மூன்று வருஷம் என்றால் எவ்வளவு தாங்கியிருக்குமோ.

அந்த பாட்டில் எந்த வருஷத்தது என்று மாப்பிள்ளைக்கு நீ சொல்லியிருக்கிறாயா தெரியாது. 1996, நீ பிறந்த வருஷம். செப்டம்பர் அறுவடை நடுவில்தான் நீயும் வந்தாய். பகலில் வெயில், ராத்திரி குளிர், நடுவில் உலர்ந்த காற்று. பழத்தில் சர்க்கரையும் ஏறியது, புளிப்பும் இறங்கவில்லை. பத்துக்குப் பத்து என்று இங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள்: பத்து சதவீதம் ஆல்கஹாலுக்கு வேண்டிய சர்க்கரை, லிட்டருக்கு 10 கிராம் புளிப்பு. இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். தம்பி பிறந்த 2003 இதற்கு நேர்மாறு. ஏப்ரலில் உறைபனி மொட்டுகளைக் கருக்கிற்று, கோடையில் அனல், ஆகஸ்டிலேயே கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினோம். 1822க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் அறுவடை ஆனதே இல்லை என்றார்கள். அந்த வருஷத்து ஒயின் சீக்கிரம் இளகிவிட்டது. உன் வருஷத்தது முதல் பத்து வருஷம் வாயில் வைக்க முடியாத அளவு கூர்மையாக இருந்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்று கீழே வைத்தோம்.

உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஒரே வருஷத்துப் பழத்தில் செய்யும் மில்லெசிமுக்கு மூன்று வருஷமாவது நிலவறையில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அது சட்டத்துக்கு. நல்ல கம்பெனிகள் ஏழெட்டு வருஷம் வைக்கும். பாட்டிலுக்குள் இரண்டாவது தடவை பொங்கி, ஈஸ்ட் செத்துக் கசடாகப் படிந்த பிறகு, அந்தக் கசடின் மேல் ஒயின் கிடக்கிற வரை அதற்கு வயது மெதுவாகத்தான் ஏறும். உள்ளே வருகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் கசடு பிடித்துக்கொள்ளும். கசடு கரையக் கரைய ரொட்டி வாசனை, வெண்ணெய் போட்ட பிரியோஷ் ரொட்டி வாசனை சேரும். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில் கோடையிலும் 10, 12 டிகிரிதான், அதனால் எல்லாம் நிதானமாக நடக்கும்.

கசடை எடுத்துவிட்டால் கதை வேறு. அந்த ஒரு நொடியில் காற்று உள்ளே போய்விடுகிறது. பிறகு அது கார்க்கை நம்பித்தான் வாழ வேண்டும். சர்க்கரைக் கரைசல் கொஞ்சம் ஊற்றி மூடுவோம் இல்லையா, அந்தச் சர்க்கரையும் கசடு விட்டுச் சென்ற சத்தும் வருஷக்கணக்கில் சேர்ந்து வேலை செய்து தேன், வறுத்த கொட்டை, காப்பி என்று வாசனை எழும்.

வீட்டில் மாடிப்படிக்குக் கீழே நான் வைத்திருக்கும் 1996 எல்லாம் 2004இல் கசடு எடுத்தவை, சாதாரண பாட்டில்கள். உன்னுடைய மேக்னம் அப்படியில்லை. அது இருபத்தைந்து வருஷம் கசடோடு தலைகீழாக நின்றது. உன் கல்யாணம் நிச்சயமானதும் நிலவறைப் பெரியவரிடம் கேட்டேன். மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொள் என்றார். கையாலேயே திறந்தேன். இடது முழங்கையோடு அணைத்துப் பிடித்து, கழுத்து கீழே பார்க்க, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்து, மெல்ல நிமிர்த்திக்கொண்டே சாவியால் மூடியை நெம்ப வேண்டும். குமிழ் கழுத்துக்கு வருகிற அதே நேரத்தில் மூடி கழன்றால் கசடு மட்டும் பறக்கும். ஒரு நொடி முந்தினால் பாதி ஒயின் போய்விடும், பிந்தினால் கசடு உள்ளேயே கலங்கிவிடும். கட்டை விரலால் அடைத்துவிட்டு மூக்கருகே கொண்டு போனேன். முதலில் தீக்குச்சி கிழித்த வாடை. அது விலகியதும் எலுமிச்சைத் தோல், நனைந்த சுண்ணாம்பு, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. அத்தனை வருஷம் ஆனதற்கு அடையாளமே இல்லை. பக்கத்தில் நின்ற பையனிடம், இது என் பெண்ணோடு பிறந்தது என்றேன். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைதான் சேர்த்தேன், அதற்கு மேல் அதற்குத் தேவைப்படவில்லை.

அதனால்தான் கவலைப்படுகிறேன். இவ்வளவு வயதான பிறகு கசடு எடுத்த பாட்டில், இளசிலேயே எடுத்ததுபோல நீண்ட நாள் நிற்காது. அதுவரை காற்றே படாமல் இருந்தது, திடீரென்று பட்டால் தடுமாறும். முதல் சில மாதம் வாசனையே கொடுக்காமல் மூடிக்கொள்ளும். அப்போது திறந்து பார்த்துவிட்டு ஒயின் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது, அது தானாகத் திரும்பி வரும். மேக்னம் என்பதால் உள்ளே இருக்கும் ஒயினுக்குக் காற்றின் பங்கு குறைவு, சின்ன பாட்டிலைவிடப் பொறுக்கும். ஆனால் சூட்டை மட்டும் எதுவும் பொறுக்காது. சூட்டில் வாயு சீக்கிரம் தப்பிவிடும், நிறம் ஓடிப் பழுப்பாகிவிடும். அலமாரியின் அடித்தட்டில் வை, மறக்காதே.

பால்டிக் கடலில் கிடந்த ஷாம்பெயின் பாட்டில்களைப் பற்றிப் படித்திருப்பாய். 2010இல் பின்லாந்தின் ஒலாண்ட் தீவுகள் பக்கம் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 பாட்டில்கள் எடுத்தார்கள். 170 வருஷம், 50 மீட்டர் ஆழம், இருட்டு, குளிர். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்து பிலிப் ஜாந்தே குழு சோதித்துப் பார்த்தது. லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அந்தக் காலத்துக்காரர்கள் அப்படித்தான் குடித்தார்கள். திறந்ததும் மிருக வாடை, நனைந்த முடி வாடை என்று முகம் சுளித்திருக்கிறார்கள். கோப்பையைச் சுழற்றிக் காற்றுக் காட்டியதும் புகை, தோல், மசாலா என்று ஒவ்வொன்றாக எழுந்ததாம். கடலுக்கடியில் கிடந்ததே பிழைத்திருக்கிறது. பத்திரமான இடம் இருந்தால் போதும்.

பொங்கலன்று வீட்டு 1996இல் ஒன்றைத் திறந்தோம். நீ போன் பண்ணுவாய் என்று அம்மா மேசையிலேயே போனை வைத்திருந்தாள். கார்க் சத்தமில்லாமல் வந்தது, ஒல்லியாகச் சுருங்கிப்போயிருந்தது. நிறம் பழந்தங்கம். குமிழ்கள் பொடிப்பொடியாக, கோப்பையின் நடுவில் ஒரே நூலாக மேலே ஏறின. முதலில் காளான் வாசனைதான் வந்தது, மழை பெய்த காட்டுத்தரை வாசனை. அம்மா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். நீளக் கோப்பையில் ஊற்றியிருந்தால் அவ்வளவோடு போயிருக்கும். நான் வாய் அகன்ற ஒயின் கோப்பையில்தான் ஊற்றினேன், குளிரையும் 12 டிகிரிக்கு விட்டேன். அரை மணி கழித்துத் தேன் வந்தது, பிறகு உலர்ந்த ஏப்ரிகாட், வறுத்த காப்பிக்கொட்டை. வாயில் வைத்தால் அந்தப் புளிப்பு அப்படியே நேராக ஓடுகிறது. அம்மா ஒரு வாய் மட்டும் எடுத்துவிட்டு, உங்கள் அம்மா ஜாடியில் உப்புப் போட்டு வைத்திருந்த பழம்புளி மாதிரி இருக்கிறது, கறுத்தாலும் காரியம் கெடவில்லை என்றாள். எனக்கு அதுதான் சரியாகப்பட்டது. சில கம்பெனிகளின் 1996இல் பழமெல்லாம் வாடி வெறும் புளிப்பு மட்டும் நிற்கிறது என்று நண்பர்கள் குறைப்படுகிறார்கள். நம்முடையதில் இரண்டும் இருக்கிறது.

அன்றைக்கு நீ பேசவில்லை. மாப்பிள்ளையும் பேசவில்லை. வருஷா வருஷம் அவர்தான் முதலில் கூப்பிடுவார். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய விமானக் கம்பெனியில் இறக்கைக்குக் கணக்குப் போடுகிற பெண், நேரம் கிடைக்காமல் இருக்கலாம். இந்தத் தெருவில் யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்கிறேன், சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மலர், நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நான் அனுப்புகிற செய்திக்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. வெளியே மூன்றாவது மனுஷர்போல தம்பியிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அம்மா காரைக்கால் அத்தையிடம் கூட ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். அதைப் பற்றி நீ பயப்படாதே.

பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால், விட்டது விட்டதாக இருக்கட்டும். அதற்காகத் திரும்பப் போய்க் கேட்காதே. யாருக்கும் போன் போடாதே. மாடிப்படிக்குக் கீழே இன்னும் இருக்கிறது, எல்லாம் உன் வருஷம்தான்.

உன்னோடு இருந்தால், முதல் குழந்தைக்கு, புது வீட்டுக்கு என்று நாள் பார்த்துக்கொண்டு வைத்திருக்க வேண்டாம். கல்யாணத்தன்று திறக்காமல் பத்து வருஷம் கழித்து என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். அந்தக் கணக்கை இப்போது விட்டுவிடு. அது நல்ல பக்குவத்தில் இருக்கிறது, இந்தக் கோடையைத் தாண்ட விடாதே. தனியாக ஒன்றரை லிட்டரைத் திறக்கவும் முடியாது. அதனால் இங்கே கொண்டு வா.

ரயிலில் வந்தால் மேலே பெட்டி வைக்கிற இடத்தில் வைக்காதே, ஸ்வெட்டரில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள். பாரிஸில் இறங்கி கார் த லெஸ்ட் ஸ்டேஷனுக்கு மாறும்போது கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், ஒரு வண்டி போனால் அடுத்தது இருக்கிறது. வந்ததும் உடனே திறக்க மாட்டேன். ஆடிய ஒயின் இரண்டு மூன்று நாள் படிக்குக் கீழே ஓய்ந்து கிடக்க வேண்டும். ஒரு வாரமாவது லீவு போடு. உன் அறையில் இருந்த தையல் மெஷினை அம்மா ஹாலுக்கு மாற்றிவிட்டாள்.

பாட்டில் இல்லாவிட்டாலும் வா. எந்த வண்டி என்று எனக்கு எழுத முடியாவிட்டால் தம்பியிடமாவது சொல். ஸ்டேஷனுக்கு நான் காரோடு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா