உருக்கும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளி விலை ஏற ஏற, எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய ரூபாய்க் காசுகள் உருக்க வருவதும் கூடிக்கொண்டே போகிறது. பாட்டி பெட்டியில் இருந்தது, சாமிக்கு முடிந்து வைத்தது என்று மஞ்சள் துணியில் கட்டிக் கொண்டுவருகிறார்கள். எடை போட்டு, டச் (வெள்ளியின் தரம்) பார்த்து, உருக்குகிற மூசையில் போட்டால் முடிந்தது. நான் கொலுசுப் பட்டறைகளுக்கு அச்சு வெட்டுகிறவன். விற்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வந்தவரிடம் கலை பேச முடியுமா? என்ன போகிறது என்று தெரிந்தாவது போகட்டும்.

விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1840 என்று போட்டதில் ராணி இளம்பெண், தலையில் கிரீடம் கிடையாது. பின்பக்கம் இலை வளையத்தைச் சுற்றி 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி'. 1862 ரூபாயில் கம்பெனி பெயரைக் காணோம், ராணிக்குக் கிரீடம் ஏறிவிட்டது. நடுவில் 1857 சிப்பாய்க் கலகம் நடந்து, 1858-ல் ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணி கைக்கு மாறியிருக்கிறது. 1877-ல் 'குயின்' (ராணி) போய் 'எம்ப்ரஸ்' (பேரரசி) வந்தது. இங்கிலீஷ் தெரியாதவர் மடியிலும் போய் உட்கார்ந்த அரசாங்கச் சுவரொட்டி அது. 1840 காசு பலவற்றில் கழுத்து முடிகிற இடத்தில் டபிள்யூ.டபிள்யூ. என்று பொடி எழுத்து இருக்கும். அந்த முகத்தைச் செதுக்கிய வில்லியம் வையனின் முதலெழுத்துகள் அவை. (எங்கள் கொலுசில் எங்கள் பேரைப் போட யார் விடுகிறார்கள்!)

அச்சில் சின்னப் பிசகு அரசாங்கத்தையே ஆட்டியதும் உண்டு. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசர் அணிந்த பதக்க மாலையில் ஒரு யானை. லென்ஸ் வைத்தால்தான் தெரியும். தும்பிக்கையும் காலும் குட்டையாகிப் போனதால் ஜனங்கள் கண்ணுக்கு அது பன்றியாகப் பட்டது. முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பியது. காசை வெளியே விடுவதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-ல் தும்பிக்கையைத் திருத்தி மறுபடி அடித்தார்கள். அச்சில் பள்ளம் காசில் மேடாகும், இடது வலதாகும். அதைத் தலைகீழாக யோசித்து வெட்டுகிறவனுக்குத்தான் அந்தத் தும்பிக்கையின் கஷ்டம் புரியும். 1911 காசுக்கு வெள்ளி எடையைவிடக் கூடுதலாகக் கொடுக்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அதையும் விற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

யானையை நன்றாக வெட்டியவர்கள் திப்பு சுல்தானின் ஆட்கள். 1792-ல் அவர் வெள்ளையரோடு போட்ட உடன்படிக்கை வரை நம் சேலமும் மைசூர் ஆட்சிக்குள்தானே இருந்தது? அவருடைய செப்புக் காசில் ராஜா முகம் கிடையாது, யானைதான். சிலவற்றில் அது கொடி தாங்கி நிற்கும். மற்ற அரசர்கள் பலர் போட்டுவந்த டெல்லி முகலாய பாதுஷா பெயரையும் அவர் தன் காசுகளில் போடவில்லை. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! அதற்கு முன்னால் பாண்டியர் 'சோணாடு கொண்டான்' (சோழ நாட்டை வென்றவன்) என்று தமிழிலேயே காசில் பொறித்தார்கள். தோற்ற சோழ நாட்டுக்காரனும் அதைக் கையில் வாங்கியிருப்பான் அல்லவா?

அப்புறம், தோண்டும்போது கிடைத்த காசானால் உருக்குக்கு வரவே கூடாது. 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878 புதையல் சட்டம் சொல்கிறது.

நான் போன ஒரு கண்காட்சியில் காசுகளை ஒரு பக்கம் மட்டும் தெரிய ஒட்டி, 'செப்புக் காசு' என்று சீட்டு வைத்திருந்தார்கள். மறுபக்கம் இல்லாமல் பாதிச் சேதி போய்விடுகிறது. அடியில் ஒரு கண்ணாடி, மேலே ஒரு லென்ஸ், இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? உங்கள் ஞாயிறு பக்கத்திலும் வாரம் ஒரு காசை, இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிப் போடுங்கள். போட்டோகிராபரை அனுப்பினால் எங்கள் தெருவிலேயே காசுகளைக் கேட்டு வாங்கித் தருகிறேன். காலையில், உருக்கு அடுப்பு மூட்டுவதற்குள் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கொலுசு அச்சுத் தொழிலாளி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.