உங்கள் ஊர் நிலா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மன்னார்குடியில் நானும் அம்மாவும் நலம்.

போன வாரம் வீடியோ காலில் குட்டி சொன்னது மனதிலேயே நிற்கிறது. நான் வரைந்து அனுப்பிய வளர்பிறையில் வலப்பக்கம் வெளிச்சம். மெல்போர்னில் அவள் பார்த்த நிலாவுக்கோ இடப்பக்கம். "தாத்தா, நீங்க தேய்பிறையை வரைஞ்சிட்டீங்க" என்றாள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிற பிள்ளை. தாத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளை அடக்கிவிடாதே.

நேற்று வளர்பிறை அஷ்டமி. பொழுது சாயும்போது பாதி நிலா உச்சியில் நின்றது. மொட்டை மாடியில் பாய் விரித்து வடக்கே தலைவைத்துப் படுத்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "வடக்கே தலைவைக்காதீங்க" என்று சத்தம் போட்டாள். நிலாவின் வெளிச்சம் என் வலக்கைப் பக்கம் இருந்தது. எழுந்து, தெற்கே தலைவைத்துப் படுத்தேன். அதே நிலா, வெளிச்சம் இப்போது இடக்கைப் பக்கம்!

சூரியன் மேற்கே இருக்கிறது, அதனால் நிலாவின் மேற்குப் பாதி ஒளிர்கிறது. நான் திரும்பிப் படுத்ததும் மேற்கு எனக்குப் பக்கம் மாறிவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு 38 டிகிரி தெற்கே. அங்கே நிலா வடக்கு வானத்தில் போகும். வடக்கைப் பார்த்து நின்றால் மேற்கு இடக்கைப் பக்கம். குட்டி பார்த்தது முழுக்கச் சரி. அவளிடம் இதை நான் சொன்னதாகவே சொல்.

அப்புறம், பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறதா என்று அவளும் ஒரு நாள் கேட்பாள். நீ கேட்டது நினைவிருக்கிறதா? பென்சிலில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, இருட்டு அறையில் ஒற்றை பல்பு முன்னால் உன்னை நிறுத்தினேன். பல்பைப் பார்த்தபடி கையை நீட்டினாய், உன் பக்கம் இருந்த பழம் இருட்டு. அது அமாவாசை. இடப்பக்கமாக மெல்லத் திரும்பினாய், ஓரத்தில் கீற்று வந்தது, பாதியானது. பல்புக்கு முதுகைக் காட்டி, பழத்தைத் தலைக்கு மேலே தூக்கியதும் பௌர்ணமி. கை தாழ்ந்து உன் தலை நிழல் பழத்தில் விழுந்தபோது "கிரகணம்!" என்று கத்தினாய். நிழலுக்கு வேலை அப்போது மட்டும்தான். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது அம்மா. அவளுக்கும் செய்து காட்டு.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சுமார் இருபத்தொன்பதரை நாள். வரும் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று, சூரியன் மறைந்ததும் அவளை மேற்கே பார்க்கச் சொல். கீற்றுக்குள்ளே மீதி நிலாவும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் அது. உங்களுக்குச் சில மணி நேரம் கழித்து எங்கள் மாடிக்கும் அந்தப் பிறை வரும். அவள் பார்த்தபடியே வரைந்து அனுப்பட்டும், நானும் வரைந்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா