கேட்டது 13 அடி, வந்தது 10 அடி

பண்டாரவளை

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு

ஐயா / அம்மணி,

விடயம்: கடல் மீன்பிடிக்கு முன்பதிவு செய்த 13 அடிக் கயாக்கிற்கு (துடுப்புப் படகு) பதிலாக 10 அடிக் கயாக் அனுப்பியமை

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ‘உங்கள் முறைப்பாடு கிடைத்தது’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. ஆகையால் இந்த முறை எல்லாவற்றையும் விபரமாக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

முன்பதிவுப் பற்றுச்சீட்டில் இருப்பது உங்கள் பட்டியலிலுள்ள பெரிய மாதிரி. 13 அடி நீளம், 30 அங்குல அகலம், 200 கிலோ தாங்கும், சுக்கானும் உண்டு. அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, விற்பது நீங்கள்தானே. வந்த பொதியும் பார்வைக்கு 13 அடிதான். பிரித்தால் பின்முனையில் மூன்றடிக்கு வெறும் காட்போட் மட்டைகளை மடித்துத் திணித்திருந்தார்கள். உள்ளே இருந்தது 10 அடி, 34 அங்குல அகலம். பின்பக்கத்தில் ஒட்டியிருந்த லேபலின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு லேபல். மேலே இருப்பதில் 200 கிலோ, கீழே இருப்பதில் 136 கிலோ. படம் எடுத்து இரண்டு தடவை அனுப்பியாயிற்று.

இதற்கு உங்கள் தொலைபேசிப் பிரிவில் இருப்பவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பண்டாரவளையில எங்க சேர் கடல் இருக்கு? வாவியில ஓட்ட இது காணும். மூணு அடிதானே வித்தியாசம்.” சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. மலையில் இருப்பவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எல்ல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக விடியமுன் புறப்பட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பொத்துவில். கொழும்பை விட எங்களுக்குக் கிழக்குக் கடல்தான் கிட்ட.

மூன்று அடியில் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு கயாக்கின் வேகத்துக்கு எல்லை போடுவது தண்ணீரைத் தொடும் நீளம். அந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வேகம் நொட்டில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். 10 அடிக் கயாக்கில் தண்ணீரைத் தொடுவது ஏறக்குறைய ஒன்பதரை அடி, ஆகவே 4.1 நொட். 13 அடியில் பன்னிரண்டரை அடி, ஆகவே 4.7 நொட். காகிதத்தில் இது சின்ன வித்தியாசம். ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்கக் குட்டைக் கயாக் தானே கிளப்பும் முன்னலையில் ஏறத் தொடங்கும். துடுப்பை எவ்வளவு வலித்தாலும் வேகம் கூடாது, தோள்தான் போகும்.

கிழக்குக் கரையில் மீன்பிடிக்கு நல்ல காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களிலேயேதான் கச்சான் காற்றும் வீசும். அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டு போகும், கரையோரத் தண்ணீரும் தகடு மாதிரித் தெரியும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். 34 அங்குல அகலத்தில் 10 அடிக் கயாக்கை அந்தக் காற்றுக்கு எதிரே வலித்துக் கரைசேர்வது எப்படி என்று உங்கள் ஆள் சொல்லட்டும். ஒவ்வொரு துடுப்புக்கும் முன்முனை இடமும் வலமுமாக அலையும். நேராக வைத்திருக்கவே பாதிப் பலம் செலவாகும்.

அகலம் கூடினால் கவிழாது என்கிறீர்கள். வாவியில் எழுந்து நின்று தூண்டில் வீச அது சரி. கடலில் பக்கவாட்டில் அலை வரும்போது, தட்டையான அகல அடிப்பாகம் அலையின் சரிவோடு சேர்ந்தே சாயும். பின்னாலிருந்து வரும் அலை குட்டைக் கயாக்கின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு பக்கம் தள்ளி, அலைக்குக் குறுக்கே திருப்பிவிடும். கவிழ்வது அந்த இடத்தில்தான். கடலுக்கு 28 முதல் 32 அங்குல அகலமும் 12 முதல் 14 அடி நீளமும் கேட்பது இதனால்தான். 16 அடி இன்னும் வேகமாக ஓடும், ஆனால் அலை உடையும் கரையில் தனியாளாக இறக்கி ஏற்றுவது கஷ்டம், எங்கள் வளைவுகளில் வேன் கூரையில் கட்டிக்கொண்டு போவதும் கஷ்டம். எல்லாம் யோசித்துத்தான் 13 கேட்டோம்.

இனி பாரம். 136 கிலோ தாங்கும் என்றால் கடலில் அதில் 70 வீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அதாவது 95 கிலோ. 80 கிலோ ஆள் ஒருவர், உயிர்காப்பு அங்கி, நங்கூரமும் கயிறும், ஐஸ் பெட்டி, மீன் தேடும் கருவியின் பற்றரி, குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 100 தாண்டும். ஒரு பாரை மீன் ஏறமுன்னமே வடிகால் துளைகளால் தண்ணீர் மேலே வந்து இருக்கையில் நிற்கும். இதைச் சொன்னதற்கு, “துளையை அடைப்பான் போட்டு மூடுங்க” என்றார் அதே மனிதர். மூடினால் அலை தெறித்து உள்ளே விழும் தண்ணீர் எந்த வழியால் வெளியே போகும்? சுக்கான் பூட்டித் தருகிறோம் என்பதும் பதில் இல்லை. சுக்கான் பக்கக் காற்றில் திசையைப் பிடித்துத் தரும், நீளத்தைக் கூட்டித் தராது. துடுப்பும் பிழை. 34 அங்குலக் கயாக்கிற்கு 240 முதல் 250 சென்ரிமீற்றர் வேண்டும், நீங்கள் அனுப்பியது 220. ஒவ்வொரு வலிப்புக்கும் கைமுட்டி விளிம்பில் அடிக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மாற்றித் தருகிறோம், நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று உங்கள் களஞ்சியத்திலிருந்து சொன்னார்கள். வேன் கூலி கொடுத்து, பெரகல இறக்கத்தால் இறக்கி, இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடி வந்தால் கதவில் பூட்டு. அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை. அழைத்தவருக்கு அது தெரியாதா? அடுத்த கிழமை இன்னொருவர், ‘தண்ணீரில் இறக்கிய பொருளை மாற்ற முடியாது’ என்றார். இறக்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம் என்றதே உங்கள் தொலைபேசிப் பிரிவுதான், அந்தச் சிரித்த மனிதர்தான்.

மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதை விட இந்த வருடத்தின் முழுப் பருவமும் போய்விட்டது. இனி வாடைக்காற்று தொடங்கிவிடும், கிழக்குக் கடலில் கயாக் இறக்க முடியாது. இந்த இழப்பை எந்தப் பணமும் ஈடுசெய்யாது.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று இன்னும் நம்புகிறேன். பணிவாகக் கேட்பது இவ்வளவுதான்: 14 நாட்களுக்குள் 13 அடி, 30 அங்குலக் கயாக்கையும் 240 சென்ரிமீற்றர் துடுப்பையும் உங்கள் செலவில் அனுப்பி, இருப்பதை எடுத்துச் செல்லுங்கள், வீணான பயணத்தின் வேன் கூலியையும் தாருங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். இரண்டும் நடக்காவிட்டால், பற்றுச்சீட்டும் லேபல் படங்களும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குப் போகும். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்வது எப்படி என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை, செய்யப்போவதை எழுதுகிறேன்.

லொறி வரும்போது சாரதியிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுத்துவிடுங்கள். பொதியைப் பிரித்து, முனைக்கு முனை அவர் முன்னாலேயே அளந்த பிறகுதான் கையொப்பம் இடுவோம். பேசுவதற்கு வேறொருவரை நியமியுங்கள். அந்த மனிதரின் அழைப்பை இனி எடுக்க மாட்டேன்.

இங்ஙனம்,
வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, இரண்டு லேபல்களின் படங்கள், வேன் கூலிப் பற்றுச்சீட்டு