முடிவிலியைக் கழித்த கணக்கு

ஆசிரியருக்கு,

எலெக்ட்ரான் போன்ற துகள்களையும் ஒளியையும் வெளியெங்கும் பரவிய புலங்களாக விவரிக்கும் குவாண்டம் புலக் கோட்பாடு பற்றிய தங்கள் கட்டுரை, அத்துறைக்குக் கிடைத்த 1965 நோபல் பரிசோடு நின்றுவிட்டது. அந்த வெற்றிக்குள் இருந்த மனக்குறையையும் சொல்லியிருக்க வேண்டும்.

1947 ஜூனில் நியூயார்க் மாநிலத்து ஷெல்டர் தீவில் கூடிய மாநாட்டில், ஹைட்ரஜனின் இரண்டு ஆற்றல் நிலைகள் சற்றே விலகியிருப்பதை இயற்பியலாளர் வில்லிஸ் லாம்ப் அறிவித்தார். எலெக்ட்ரானை விவரிக்கும் பால் டிராக்கின் சமன்பாட்டின்படி அவை ஒன்றாக இருக்க வேண்டியவை. எலெக்ட்ரான் மின்காந்தப் புலத்தோடு வினைபுரிவதால் வரும் ஆற்றலைக் கூட்டி விலகலைக் கணக்கிடப் போனால் விடை முடிவிலி. மாநாடு முடிந்து ஸ்கெனெக்டடிக்குப் போகும் ரயிலில் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே கணக்கைக் கையிலெடுத்தார். அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானின் முடிவிலியிலிருந்து கட்டற்ற எலெக்ட்ரானின் முடிவிலியைக் கழித்து, எலெக்ட்ரானின் நிறைக்குரிய ஆற்றலோடு கூட்டலை நிறுத்தினார். கிடைத்த விலகல், அதிர்வெண் கணக்கில், 1040 மெகாஹெர்ட்ஸ். அளவீடு ஏறத்தாழ 1000. படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் 1927இல் இத்துறைக்கு வித்திட்ட டிராக், 1984இல் மறையும்வரை இந்தக் கழித்தலை ஏற்கவில்லை. சிறிய அளவைப் புறக்கணிக்கலாம், முடிவிலியைப் புறக்கணிக்கலாகாது என்றார். அதை முதுமையின் பிடிவாதம் என்று தள்ளுவது பெரும் தவறு. 1970களில் இயற்பியலாளர் கென்னத் வில்சனின் ஆய்வு வேறொரு விளக்கம் தந்தது: ஒரு கோட்பாடு குறிப்பிட்ட நீள அளவு வரைதான் பேசும், அதற்கும் கீழே நடப்பது சில எண்களுக்குள் அடங்கிவிடும். அப்படியானால் புலம் என்பது உண்மையில் உள்ள பொருளா, நம் அளவுக்கேற்ற விவரிப்பா? இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.