எங்களுக்கு உலகச் சந்தைன்னா பங்கார் ரேட்டுதான்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல உலகமயமாக்கல் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஐடி வேலை, கார் கம்பெனி, செல்போன்னு மேலயே சுத்திட்டு குப்பை பக்கம் எட்டிக்கூட பாக்கல. நான் மும்பை தாராவில ரீசைக்கிள் பட்டறைங்க நெறைஞ்ச 13 காம்பவுண்ட் பக்கம், திருநெல்வேலில இருந்து வந்து இங்க மூணாவது தலைமுறை, எங்க பொழப்பே பழைய பிளாஸ்டிக்குதான்.

பங்கார், அதாவது காயலான் கடை சரக்க, தரம் பிரிச்சு, அரைச்சு, கழுவி, உருக்கி சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணியா ஆக்குறோம், அதுக்கு இங்க ‘தானா’ன்னு பேரு. புது தானாவ விட விலை கம்மிங்கிறதாலதான் கம்பெனிக்காரன் எங்ககிட்ட வாங்குறான். புது தானா வர்றது கச்சா எண்ணெய்ல இருந்து. 2014 நடுவுல பேரல் 100 டாலருக்கு மேல இருந்த எண்ணெய் 2016 ஜனவரில 30-க்கும் கீழ எறங்குச்சு, புது தானாவும் கூடவே எறங்க எங்க சரக்க சீண்ட ஆளில்ல. எங்கயோ எண்ணெய் விலை விழுந்தா இங்க மொதல்ல அடி வாங்குறது தரம் பிரிக்கிற பொம்பளைங்க கூலிதான்.

பணக்கார நாடுங்க ரீசைக்கிள் பண்றோம்னு பெருமையா பிரிச்சு வச்சதுல நெறைய கப்பலேறி சீனாவுக்குத்தான் போயிட்டு இருந்துச்சு. 2018-ல சீனா வேணாம்னதும் மலேசியா, வியட்நாம், தாய்லாந்துன்னு திரும்புச்சு. 2019-ல பிலிப்பைன்ஸ் 69 கன்டெய்னர் குப்பைய கனடாவுக்கே திருப்பி அனுப்புச்சு, அதே வருஷம் இந்தியாவும் பிளாஸ்டிக் குப்பை இறக்குமதிக்கு தடை போட்டுச்சு. ஆபத்தான குப்பை நாடு விட்டு நாடு போறத கட்டுப்படுத்துற பாசல் ஒப்பந்தத்துல பிளாஸ்டிக்குக்கு புது கட்டுப்பாடு 2021-ல அமலுக்கு வந்துச்சு, அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டதோட சரி, உறுப்பு நாடா சேரவே இல்ல.

உலகமயமாக்கலே வேணாம்னு சொல்ல வரல சார், அதுல எங்களுக்கும் சோறு இருக்கு. லாபம் அவங்களுக்கு அழுக்கு நமக்குங்கிற பங்கு பிரிப்புதான் உறுத்துது. நம்ம நாட்டுக்குள்ளயும் இதே கதைதான். பிளாஸ்டிக்ல பேக் பண்ணி விக்கிற கம்பெனி அந்தக் குப்பைக்கு பொறுப்பேத்துக்கணும், ரீசைக்கிள் பண்றவங்ககிட்ட சர்டிபிகேட்ட காசு கொடுத்து வாங்கி காட்டணும்னு 2022-ல விதி வந்துச்சு, நல்ல விதிதான், ஆனா அந்த சர்டிபிகேட்ட பதிவு பண்ண ரீசைக்கிளர்தான் கொடுக்க முடியும். சந்துக்குள்ள பதிவில்லாம ஓடுற பட்டறைக்கு அதுல பைசா வராது. இத பத்தி ஒரு கட்டுரை போடுங்க, ஆள் அனுப்பினா நானே கூட்டிட்டுப் போய் காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை